விடிவெள்ளியும் அந்தி வெள்ளியும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியலில் கிழக்கேயோ, பொழுது சாய்ந்ததும் மேற்கேயோ கண்ணைப் பறிக்கும் ஒளியோடு ஒன்று தெரிகிறதே, அது என்ன? மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் ஊரில் கோயில் வாசலிலும் பள்ளித் திடலிலும் சாப்பாட்டுக் கடையிலும் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. அதையொட்டி மக்கள் கேட்கும் மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பார்ப்பதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம். தோட்டத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இதைத் தங்கள் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அது நட்சத்திரமா, விமானமா, ட்ரோனா?

வெள்ளிக் கிரகம். சூரியனிலிருந்து எண்ணினால் இரண்டாவது கோள். நம் பூமி மூன்றாவது. வானத்தில் சூரியனுக்கும் நிலாவுக்கும் அடுத்தபடி அதிக ஒளி இதற்குத்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு மரக்கிளையையோ விளக்குக் கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். விமானம் அதற்குள் போயே போய்விடும். ட்ரோன் ஆடும், திரும்பும், விளக்கு நிறம் மாறும். வெள்ளியோ, நீட்டிய கையின் இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவாகத்தான் நகர்ந்திருக்கும். அதுவும் பூமி சுழல்வதால் வரும் நகர்வு.

நட்சத்திரம்போல் மின்னவில்லையே, ஏன்?

நட்சத்திரங்கள் வெகு தொலைவில் இருப்பதால் நமக்கு வெறும் புள்ளியாகத் தெரிகின்றன. காற்றின் அசைவு அந்தப் புள்ளியின் ஒளியைக் கலைத்துவிடும். வெள்ளி அருகில் இருப்பதால் சிறு வட்டாக நிற்கிறது. அதன் ஒளி அவ்வளவு எளிதில் கலையாது. ஆனால் அடிவானத்துக்குப் பக்கத்தில் தாழ்ந்திருக்கும்போது காற்றுப் படலம் தடிமனாக இருப்பதால் அதுவும் சிவப்பு, பச்சை என்று மினுங்கும். அதைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள்.

விடியலில் தெரிவதும் அந்தியில் தெரிவதும் ஒன்றுதானா?

ஒன்றேதான். சில மாதம் அந்தியில், சில மாதம் விடியலில் என்று மாறி மாறி வரும். இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பள்ளி விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். திடலின் நடுவில் ஒரு கொடிக்கம்பம். நீங்கள் வெளிவட்டத்தில் ஓடுகிறீர்கள். இன்னொரு பிள்ளை உள்வட்டத்தில் உங்களைவிட வேகமாக ஓடுகிறது. கம்பத்தைப் பார்த்தபடி ஓடினால் அந்தப் பிள்ளை கம்பத்துக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோதான் தெரியும். ஒருபோதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் வராது. கம்பம்தான் சூரியன், உள்வட்டத்தில் ஓடுவது வெள்ளி. அதற்கு ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 225 நாள். நமக்கு 365 நாள்.

வெள்ளி சூரியனுக்கு ஒரு பக்கம் இருக்கும்போது, சூரியன் மறைந்த பிறகும் மேற்கே சற்று நேரம் நிற்கும். மறுபக்கம் போய்விட்டால் சூரியனுக்கு முன்னால் கிழக்கே எழும். வானத்தில் சூரியனைவிட்டு அது சுமார் 47 டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. நீட்டிய கையின் ஒரு முட்டி பத்து டிகிரி என்று வைத்தால், ஐந்து முட்டிக்கும் குறைவு. நேரக்கணக்கில் சொன்னால் சூரியனுக்கு முன்போ பின்போ சுமார் மூன்று மணி நேரம். நள்ளிரவில் உச்சியில் வெள்ளியை எதிர்பார்க்க முடியாததும் இதனால்தான்.

ஒரு முழு மாற்றம் முடிய 584 நாள், அதாவது ஏறக்குறைய 19 மாதம். எட்டு ஒன்பது மாதம் அந்தியில் தெரியும். பிறகு நமக்கும் சூரியனுக்கும் நடுவே புகுந்து, ஒன்றிரண்டு வாரம் காணாமல் போகும். அப்புறம் எட்டு ஒன்பது மாதம் விடியலில். கடைசியில் சூரியனுக்கு அப்பால் போய், சுமார் இரண்டு மாதம் கண்ணில் படாது.

பால்மரம் வெட்டிய காலத்தில் விடிவெள்ளியைப் பார்த்துத்தான் எழுந்தோம் என்று பாட்டி சொல்கிறார். அது தினமும் தெரியுமா?

பாட்டி சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் நாலு மணிவாக்கில் எழுந்து, அடுப்பு மூட்டி, இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பிறகு தங்கள் மர வரிசையான நிரைக்குப் போவார்கள். அவ்வளவு சீக்கிரம் போனதற்குக் காரணம் மரத்துக்குள்ளே இருக்கிறது. இரவில் இலைகள் நீரை இழப்பது குறைவு. அதனால் பட்டைக்குள் அழுத்தம் ஏறி நிற்கும். அந்த நேரத்தில் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறையும். ஆக, வெட்டுக்காரர்களின் நாள் தொடங்கிய நேரமும் வெள்ளி கிழக்கே ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் நின்றாலே தெரியும் கடிகாரம் அது.

ஆனால் வருடம் முழுவதும் இல்லை. மேலே சொன்ன 19 மாதத்தில் ஏறக்குறைய பாதிதான் அது விடியலில் இருக்கும். மற்ற மாதங்களில் பெரியவர்கள் பார்த்தது வியாழனாக இருந்திருக்கலாம், அல்லது சிரியஸ் போன்ற ஒளிமிக்க நட்சத்திரமாக இருந்திருக்கலாம். வியாழனும் விடியலில் பளிச்சென்று தெரியும். வெள்ளி இல்லாதபோது அதைத்தான் விடிவெள்ளி என்று எடுத்துக்கொள்வோம் என்று மூத்தவர்கள் சிலரே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இதில் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் ஆறரையை ஒட்டி விடிந்தது. இப்போது ஏழு மணியை ஒட்டி விடிகிறது. சூரியன் மாறவில்லை, கடிகார எண்தான் மாறியது. ஆகவே தாத்தா பாட்டி சொல்லும் பழைய நேரத்தை இன்றைய வானத்தோடு ஒப்பிடும்போது அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னது அப்படியே பொருந்தும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்த மாதம், எந்தப் பக்கம், எந்த மரத்துக்கு மேல் என்பதுவரை பலருக்கு நினைவிருக்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகு அந்த வேளையில் எழுபவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த அறிவும் அவர்களோடு போய்விடக் கூடாது.

2026-இல் எப்போது, எந்தப் பக்கம் பார்ப்பது?

ஜனவரி 6 அன்று வெள்ளி சூரியனுக்கு அப்பால் இருந்தது. மார்ச்சிலிருந்து மாலையில் மேற்கே எளிதாகக் கண்ணில் படும். மாதம் போகப் போக உயரம் கூடும். ஜூன் 9-ஐ ஒட்டி வியாழனும் வெள்ளியும் மேற்கு வானில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். இரண்டில் ஒளி அதிகமாக இருப்பது வெள்ளி. ஆகஸ்ட் 15 அன்று சூரியனைவிட்டு மிக விலகி நிற்கும். இரவு பத்து மணிவரை பார்க்கலாம். செப்டம்பர் பிற்பாதியில் அதன் ஒளி உச்சத்தில் இருக்கும்.

பிறகு சடசடவென்று இறங்கும். அக்டோபர் 24 அன்று நமக்கும் சூரியனுக்கும் இடையே போகிறது. நவம்பர் தொடக்கத்தில் விடியலுக்கு மாறிவிடும். நவம்பர் 8 தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்கு எழுபவர்கள் ஆறேகால் மணிவாக்கில் வாசலுக்கு வந்து கிழக்கே தாழ்வாகப் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய விடியல் என்பதால் நிலாவெளிச்சமும் போட்டிக்கு வராது. 2027 ஜனவரி 3 அன்று விடியலில் மிக விலகி நிற்கும். அந்த ஆண்டு நடுப்பகுதிவரை விடிவெள்ளிதான். ஆகஸ்ட் 12 அன்று மறுபடியும் சூரியனுக்கு அப்பால் போகும்.

சுங்கை சிப்புட்டில் எங்கே நின்று பார்த்தால் நல்லது?

நமக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அடிவானத்தில் வெள்ளி எழுந்தாலும் மலையைத் தாண்டி வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தவர்கள் ஒன்றும் இல்லையே என்று திரும்பிப் போவதற்கு இதுதான் காரணம். கொஞ்சம் பொறுத்திருங்கள்.

அதைவிடப் பெரிய தடை செம்பனை. வளர்ந்த மரங்களுக்கு நடுவே வானமே தெரியாது. மறுநடவு செய்த பகுதி அருகில் இருந்தால் அதன் ஓரச் சாலை அருமையான இடம். கன்றுகள் இடுப்பளவு இருக்கும்வரை அடிவானம் திறந்திருக்கும். இல்லையென்றால் தோட்டத்துப் பந்துத் திடல், பள்ளித் திடல் போதும். விடியலில் தனியாகத் தோட்டத்துக்குள் போக வேண்டாம். பாம்பு இருக்கும், காட்டுப்பன்றியும் வரும். பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் போக வேண்டும்.

மழையையும் கணக்கில் கொள்ளுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டி மதியத்துக்கு மேல் இடிமழை பிடித்து, மாலை வானம் மூடிக்கொள்ளும். பெய்து ஓய்ந்த மறுநாள் விடியல் பெரும்பாலும் கண்ணாடிச் சுத்தமாக இருக்கும். புகைமூட்டக் காலத்தில் மற்ற நட்சத்திரம் எல்லாம் மறைந்தாலும் வெள்ளி பழுப்பு நிறத்தில் தலைகாட்டும்.

ஒரு நல்ல செய்தி: பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே சூரியனும் கோள்களும் ஏறக்குறைய செங்குத்தாக ஏறி இறங்குகின்றன. அந்தி வெளிச்சமும் சீக்கிரம் அடங்கிவிடும். ஐரோப்பாவில் சில பருவங்களில் வெள்ளி அடிவானத்தோடு ஒட்டியே ஊர்ந்து போகும். நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

ஏன் இவ்வளவு ஒளி?

மூன்று காரணம். அது சூரியனுக்கு நம்மைவிடப் பக்கத்தில், சுமார் 10.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; நமக்கு 15 கோடி. இரண்டாவது, நம்மிடம் வேறு எந்தக் கோளையும்விட நெருங்கி வருவது அதுதான். நெருங்கும்போது சுமார் 4 கோடி கிலோமீட்டர். மூன்றாவதும் முக்கியமானதும் அதன் மேகம். வெள்ளி முழுவதையும் வெண்மஞ்சள் மேகம் இடைவெளியில்லாமல் மூடியிருக்கிறது. விழும் சூரிய ஒளியில் முக்கால் பங்கை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. நம் நிலாவோ பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் திருப்பி அனுப்புகிறது.

பைனாகுலரில் என்ன தெரியும்?

பிறை தெரியும்! நிலாவைப்போல் வெள்ளியும் வளர்ந்து தேயும். 1610-இல் கலிலியோ தம் சிறிய தொலைநோக்கியில் இதைக் கண்டார். வெள்ளி சூரியனைத்தான் சுற்றுகிறது என்பதற்கு அது வலுவான சாட்சியாக நின்றது. எல்லாம் பூமியையே சுற்றுகின்றன என்ற பழைய கணக்கில், முழு வட்ட வெள்ளி தெரிய வழியே இல்லை.

பலரை வியக்கவைப்பது இன்னொன்று. வெள்ளி முழு வட்டமாக இருக்கும்போது சூரியனுக்கு அப்பால் வெகுதூரத்தில் சிறிதாக இருக்கும். நம்மை நெருங்க நெருங்கப் பிறையாக மெலியும், ஆனால் ஆறு மடங்குவரை பெரிதாகும். அதன் ஒளி உச்சம் பெறுவது முழு வட்டத்தில் அல்ல, கால் பங்கு மட்டும் ஒளிரும் பிறைநிலையில்தான். 2026 அக்டோபர் முதல் வாரத்தில் சாதாரண 10×50 பைனாகுலரைச் சுவரில் சாய்த்து அசையாமல் பிடித்தாலே பிறை தெரியும். வானம் முழுதாக இருட்டும் முன் பாருங்கள். இருட்டியபின் அதன் ஒளியே வடிவத்தை மறைத்துவிடும்.

எச்சரிக்கை: சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான் பைனாகுலரை எடுக்க வேண்டும். சூரியன் ஒரு நொடி அதில் பட்டாலும் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

பட்டப்பகலில் பார்க்க முடியுமா?

முடியும். எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எளிய வழி, விடியலில் பிடித்த வெள்ளியைக் கண்ணை எடுக்காமல் சூரியன் ஏறும்வரை தொடர்ந்து பார்ப்பது. கட்டட நிழலில் நின்றுகொண்டு பார்த்தால் நீல வானத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

பிறை நிலாவுக்குப் பக்கத்தில் வெள்ளி நிற்பது அதிசயமா?

அழகு, ஆனால் மாதந்தோறும் நடப்பது. நிலா மாதம் ஒருமுறை வானத்தைச் சுற்றும்போது வெள்ளியையும் கடந்துதான் போக வேண்டும். சில முறை மிக நெருக்கமாக அமையும். 2023 மார்ச் 24 மாலை இளம்பிறையை ஒட்டி வெள்ளி நின்ற படங்கள் கைப்பேசிகளில் சுற்றியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

மார்கழியில் கோயிலில் பாடுகிறோமே, ‘வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று’, அப்படி நடக்குமா?

நடக்கும். திருப்பாவையில் ஆண்டாள் சொல்வது கண்ணால் பார்த்துச் சொன்ன காட்சிபோலவே இருக்கிறது. விடியலில் கிழக்கே வெள்ளி எழுகிறது, அதே வேளையில் மேற்கே வியாழன் மறைகிறது. வியாழன் நம் வட்டத்துக்கு வெளியே சுற்றுவது. அதனால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமும் வரும். வெள்ளி விடியலில் இருக்கும் மார்கழியும், வியாழன் மேற்கே இறங்கும் மார்கழியும் ஒன்றாக அமைந்தால் போதும். வியாழன் ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 12 ஆண்டு என்பதால் இந்தக் காட்சி பல தடவை திரும்பி வரும். இந்த வரியை வைத்து ஆண்டாளின் காலத்தைக் கணிக்க முயன்றவர்கள் உண்டு. பல ஆண்டுகளுக்குப் பொருந்தும் காட்சி என்பதால், அதை மட்டும் வைத்து ஓர் ஆண்டை உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. ஆனால் அந்தப் பெண் வானத்தைக் கவனித்துப் பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பஞ்சாங்கத்தில் ‘சுக்கிர மூடம்’ என்று திருமணத்தைத் தள்ளிவைக்கிறார்களே?

சுக்கிரன் என்பது வெள்ளி. சூரியனுக்கு மிக அருகில் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நாட்களைத்தான் மூடம் என்கிறார்கள். நான் மேலே சொன்ன இரண்டு மறைவுகளும் அவைதான்: நடுவே புகும்போது குறுகியது, அப்பால் போகும்போது நீண்டது. தொலைநோக்கி இல்லாத காலத்திலேயே நம்மவர்கள் இதைக் கணக்கிட்டு வைத்திருந்தது பெருமைக்குரியது. திருமணத்துக்கு நாள் பார்ப்பது ஒவ்வொரு குடும்பத்தின் நம்பிக்கை. அதில் நான் தலையிடவில்லை. அந்த நாட்களில் வெள்ளிக்கு எந்தக் கேடும் நேர்வதில்லை, அது வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

2012-இல் சூரியனுக்கு முன்னால் வெள்ளி கடந்ததாமே?

ஆமாம். 2012 ஜூன் 6 அன்று மலேசியாவில் சூரியன் எழும்போதே அதன்மேல் ஒரு கரும்புள்ளி இருந்தது. பகல் ஒரு மணிக்குச் சற்று முன்வரை நீடித்தது. அதற்கு முன் 2004 ஜூன் 8. அடுத்தது 2117 டிசம்பரில். பூமியும் வெள்ளியும் சூரியனைச் சுற்றும் இரண்டு வட்டங்களும் ஒன்றுக்கொன்று சற்றுச் சாய்ந்திருப்பதால் வெள்ளி பெரும்பாலும் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ போய்விடும்.

இந்தக் கடப்பைப் பல ஊர்களிலிருந்து அளந்தால் சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம். அதற்காகவே 1760-இல் பிரான்சிலிருந்து கிளம்பினார் லெ ஜென்டீல் என்ற வானியலாளர். போக வேண்டிய இடம் புதுச்சேரி. வருவதற்குள் ஆங்கிலேயர் அதைப் பிடித்துவிட்டார்கள். 1761 கடப்பை அவர் கப்பலில் இருந்தபடி பார்த்தார். ஆடும் தளத்தில் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டி எல்லாம் தயார். 1769 ஜூன் 4 விடியலில் மேகம் வந்து மூடிவிட்டது. 1771-இல் பிரான்சுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக முடிவுசெய்து வாரிசுகள் சொத்தைப் பிரிக்க முனைந்திருந்தார்கள். மாலை மழையால் ஏமாந்து திடலிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது இவர் கதையைத்தான்.

வெள்ளியில் உயிர் வாழ முடியுமா?

தரையில் முடியாது. வெப்பம் சுமார் 465 டிகிரி, ஈயம் உருகிவிடும். காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கு மேல். காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு; மேகம் கந்தக அமிலத் துளிகள். சூரியனுக்கு இன்னும் நெருக்கமான புதனைவிட வெள்ளி சூடாக இருப்பதற்கு, வெப்பத்தை வெளியே விடாத அந்தக் காற்றுதான் காரணம்.

அங்கே இறங்கித் தகவல் அனுப்பிய முதல் விண்கலம் சோவியத்தின் வெனேரா 7; ஆண்டு 1970. 1982-இல் வெனேரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்து வண்ணப் படங்கள் அனுப்பியது. மேகத்தை ஊடுருவி ரேடாரால் தரையை வரைந்தது 1990-களில் அமெரிக்காவின் மகெல்லன். இந்தியாவும் ஒரு வெள்ளிச் சுற்றுக்கலத்துக்கு 2024-இல் ஒப்புதல் அளித்திருக்கிறது. 2028-இல் ஏவத் திட்டம்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

ஒரு நோட்டு, ஒரு பென்சில். வாரம் ஒருநாள், அதே இடம், அதே நேரம். எதிரே தெரியும் மலை, மரம், கம்பம் எல்லாவற்றையும் ஒருமுறை வரைந்துகொண்டு, அதன்மேல் வெள்ளி நின்ற இடத்தில் புள்ளி வைத்துத் தேதி எழுத வேண்டும். மூன்று மாதத்தில் புள்ளிகள் ஒரு வளைகோடாகச் சேரும். ஆகஸ்டில் தொடங்கினால் அக்டோபருக்குள் அது வளைந்து கீழே இறங்குவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மேலே சொன்ன 584 நாள் மாற்றங்கள் ஐந்து சேர்ந்தால் எட்டு ஆண்டுக்கு இரண்டு நாள்தான் குறைவு. 2018-இல் வெள்ளி நின்ற இடத்தில்தான் 2026-இல் அதே தேதியை ஒட்டி நிற்கிறது, 2034-இலும் நிற்கும். இப்போது நான்காம் ஆண்டு படிக்கும் பிள்ளை, பள்ளிப்படிப்பை முடிக்கும் வயதில் தன் பழைய நோட்டைத் திறந்து சரிபார்க்கலாம்.

கைப்பேசியில் படம் எடுத்தால் வெறும் பொட்டாக வருகிறதே?

அப்படித்தான் வரும், பிறை வடிவம் கைப்பேசிக்குப் பிடிபடாது. பெரிதாக்கிப் பார்க்காமல், மலையையோ கோயில் கோபுரத்தையோ சேர்த்து அகலமாக எடுங்கள். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து, மூன்று நொடித் தாமதம் வைத்து அழுத்தினால் படம் ஆடாது. சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து எடுத்தால் வானத்தின் நிறமும் கிடைக்கும்.